போன் காட்டினாத்தான் வாய் திறக்கறான்: 20 மாசப் பையன், வீட்டுல மூணு கட்சி

மின்மினி:

பையனுக்கு 20 மாசம். பிறந்தப்போ 2.9 கிலோ, இப்போ 9.8. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பகல்ல அத்தை பார்த்துக்கறாங்க. போன்ல பாட்டு ஓடினாத்தான் வாய் திறக்கறான். நிறுத்தினா வாய்ல இருக்கறதையும் துப்பிடறான். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகுது. சாதத்தை மிக்ஸியில ஒரு சுத்து சுத்தித்தான் கொடுக்கறோம்.

ஒரு நாள் கணக்கு இது: எழுந்ததும் பாட்டில்ல 200 மி.லி. பால். 9 மணிக்கு ஒரு இட்லி, போனோட. 11 மணிக்கு 200 பால், ரெண்டு பிஸ்கெட். 1 மணிக்குக் கரைச்ச ரச சாதமோ பருப்பு சாதமோ, போனோட. தூங்கி எழுந்ததும் 200 பால். 8 மணிக்குப் பாதி தோசை. படுக்கறப்போ 200 பால். பால் ஆவின் பச்சை பாக்கெட், தண்ணி கலக்கறதில்ல.

"புள்ள வயிறு வாடக்கூடாது, எப்படியாவது உள்ள போனா சரி"ன்னு அத்தை. "தட்டை முன்னாடி வை, பசிச்சா தின்பான், யாரும் ஊட்டாதீங்க"ன்னு வீட்டுக்காரர். நான் நடுவுல நின்னு ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்கறேன். போனை ஒரேயடியா நிறுத்தணுமா, கொஞ்சம் கொஞ்சமாவா? நிறுத்தினா எடை இறங்கிடுமா?

அன்னக்கரண்டி:

போன் இருக்கட்டும், முதல்ல பாலைப் பாருங்க.

பச்சை பாக்கெட் பால்ல 4.5 சதவீதம் கொழுப்பு. 100 மி.லி.க்கு ஏறக்குறைய 70 கலோரி. நீங்க கொடுக்கற 800 மி.லி.க்கு 560 ஆச்சு, பிஸ்கெட்டோட சேர்த்தா 600. இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு நாள் முழுக்கத் தேவையே சுமார் ஆயிரம்தான். பாதிக்கு மேல பாட்டில்லயே முடிஞ்சுடுது. மிச்சம் இருக்கற பசிக்கு ஒரு இட்லியும் அரைத் தோசையும் போதும். அதைத்தான் அவன் ஒழுங்கா சாப்பிடறான். பசி இல்லாத வாயைத் திறக்க வைக்கத்தான் உங்களுக்குப் போன் தேவைப்படுது. பசியை உண்டாக்காம போனை மட்டும் பிடுங்கினா ரெண்டு நாள் அழுகைக்கு அப்புறம் போன் திரும்பி வந்துடும்.

அடுத்தது எடை. முதல் வருஷத்துல பிள்ளைங்க ஆறு கிலோ வரைக்கும் ஏறுவாங்க. ரெண்டாவது வருஷம் முழுக்க ஏறுறது ரெண்டு, ரெண்டரை கிலோதான். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறையும். இது நோய் இல்லை. எட்டு மாசத்துல கிண்ணம் காலி பண்ணின பிள்ளை ஒன்றரை வயசுல முகத்தைத் திருப்பறதைப் பார்த்துத்தான் வீட்டுல பயம் வருது, அந்தப் பயத்துலதான் போன் உள்ள நுழையுது. உலக சுகாதார நிறுவனத்தோட அட்டவணைப்படி 20 மாச ஆண் பிள்ளைக்கு நடுமட்டம் 11.3 கிலோ, கீழ் எல்லை 9.1. உங்க பையன் 9.8. ஒல்லிதான், ஆனா எல்லைக்குள்ள இருக்கான். தடுப்பூசி போடறப்போ கொடுக்கற தாய் சேய் அட்டையில வளர்ச்சிக் கோடு இருக்கும். பச்சைப் பட்டைக்குள்ள கோடு மேல ஏறிட்டு இருக்கான்னு மட்டும் பாருங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையோட ஒப்பிட வேண்டாம்.

பால் அதிகமானா இன்னொரு சிக்கல் இரும்புச்சத்து. பால்ல இரும்பு இல்லைன்னே சொல்லலாம். அதோட சாப்பாட்டுல இருந்து கிடைக்கற கொஞ்சத்தையும் பால்ல இருக்கற கால்சியம் உடம்புல சேர விடாது. இரும்பு குறைஞ்சா பசி மந்தமாகும், பசி மந்தமானா வீட்டுல இன்னும் ஒரு பாட்டில் பால் கலக்குவாங்க. இந்தச் சுழல்ல சிக்கின பிள்ளைக்கு எந்த முறையில ஊட்டினாலும் ஏறாது. அதனால ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்க. 11க்குக் கீழ இருந்தா மருத்துவரோட அளவுப்படி மருந்து, மத்ததெல்லாம் அப்புறம்.

குறைக்கற விதம்: 800ஐ பத்து நாள்ல 400க்குக் கொண்டு வாங்க. முதல்ல 11 மணிப் பாட்டில், அதோட அந்த பிஸ்கெட். அந்த இடத்துல அரை வாழைப்பழமோ பப்பாளியோ போதும். நாலு நாள் கழிச்சு, காலையிலயும் தூங்கி எழுந்ததும் கொடுக்கற பாலை டம்ளருக்கு மாத்தி 150, 150ஆக்குங்க. டம்ளர்ல குடிச்சா தானாவே அளவு குறையும். படுக்கைப் பாட்டிலைக் கடைசியா எடுங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை 30 மி.லி. பாலுக்குப் பதில் வெந்நீர் ஆற வெச்சதைச் சேர்த்துட்டு வந்தா, ரெண்டு வாரத்துல வெறும் தண்ணிப் பாட்டிலாகும், அவனே தூக்கிப் போட்டுடுவான். அதுவரைக்கும் பாட்டிலோட தூங்க விடாதீங்க, முன்பல் நாலும் சொத்தையாகும். இது முடிஞ்சா மொத்தம் 300, 350 பால், ராத்திரிச் சாப்பாட்டோட ரெண்டு ஸ்பூன் தயிர்.

கரைச்ச ரச சாதம் வயித்தை நிரப்பும், எடையை நிரப்பாது. கெட்டியா, கரண்டியைச் சாய்ச்சா வழியாத பதத்துல இருக்கணும். ஒரு கைப்பிடி சாதம்னா அதுல பாதி அளவு வெந்த பருப்பு, ஒரு சின்ன ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ. முட்டை சாப்பிடற வீடுன்னா தினம் ஒண்ணு.

மணற்கேணி:

மேலே சொன்ன பால் கணக்கை முதலில் முடியுங்கள். பிறகுதான் போன்.

ஒரேயடியாகவா, படிப்படியாகவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேளைக்கு வேளை படிப்படி, ஒரு வேளைக்குள் ஒரேயடி. நல்ல பசியோடு இருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பையனுக்கு அது காலை டிபனாக இருக்கலாம், எழுந்ததும் கொடுக்கும் பால் குறைந்திருப்பதால். முதல் நான்கு நாள் அந்த ஒரு வேளையில் மட்டும் போன் இல்லை. அடுத்து மதியம், அதற்கடுத்து இரவு. இரண்டு வாரத்தில் மூன்று வேளையும் முடிந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் இது கெட்டுப்போவது "பத்து நிமிஷம் அழுதான், பாவமா இருந்துச்சு, கொடுத்துட்டோம்" என்ற இடத்தில். பத்து நிமிடம் அழுதபின் போன் கிடைத்தால், பத்து நிமிடம் அழ வேண்டும் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்கிறது. மறுநாள் பதினைந்து நிமிடம் அழும். கொடுப்பதாக இருந்தால் அழுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அது இதைவிட நல்லது. இரண்டாம், மூன்றாம் நாள் அழுகை முதல் நாளைவிடக் கூடும். பழக்கம் உடைவதற்கு முன் வருகிற கடைசி முட்டல் அது. அந்த இரண்டு நாளும் வீட்டில் விருந்தாளி இல்லாத, குழந்தைக்குச் சளி காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை இப்படி நடக்க வேண்டும். சாப்பிடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு எல்லோருடைய போனும் வேறு அறைக்குப் போகட்டும். மேசை மேல் கவிழ்த்து வைப்பதால் பயனில்லை, அவன் கண் அங்கேயே இருக்கும். டிவியும் அணைந்திருக்க வேண்டும். கை கழுவுவது, தட்டு எடுத்து வருவது, உட்காருவது என்று தினமும் அதே வரிசை. தரையில் பலகை போட்டு உட்கார்ந்தால் கால் தரையில் பதியும். நாற்காலி என்றால் காலுக்கு அடியில் ஒரு முக்காலி வையுங்கள். கால் தொங்கினால் குழந்தை நெளியும், நாம் அதைச் சாப்பிட மறுப்பதாக எடுத்துக்கொள்வோம். பழைய புடவையை நான்காக மடித்துக் கீழே விரித்துவிட்டால் சிந்துவது பற்றிக் கவலை இல்லை.

தட்டில் இரண்டு மேசைக்கரண்டி சாதம், ஒரு மேசைக்கரண்டி காய், அவனுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று. அவ்வளவுதான் முதல் பரிமாறல். குவித்து வைத்தால் பார்த்தவுடனே தள்ளுவான். கூடவே ஒரு பெரியவராவது தன் தட்டில் உண்மையாகவே சாப்பிட வேண்டும். இருபது நிமிடம், அதிகம் போனால் இருபத்தைந்து. அதற்குள் சாப்பிட்டது ஒரு வாயாக இருந்தாலும், "சாப்பாடு முடிஞ்சது" என்று தட்டை எடுத்துவிடுங்கள். திட்டு வேண்டாம், கெஞ்சல் வேண்டாம், "சமத்து" பட்டமும் வேண்டாம். அடுத்த நேரம் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து. இடையில் தண்ணீர் மட்டும்.

இந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் முழு வேலையும். "ஒண்ணுமே சாப்பிடலயே" என்று அரை மணி கழித்து ஒரு பிஸ்கெட் போனால் அன்றைய வேளை வீண்.

கொன்றைமரம்:

ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா யாரும் ஊட்டவே கூடாதுங்கற உங்க வீட்டுக்காரர் கட்சியை நான் ஒத்துக்க மாட்டேன். அத்தை கையால ஊட்டறதுல ஒரு குறையும் இல்லை. நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டறதும் போனைக் காட்டி ஊட்டறதும் ஒண்ணுதானேன்னு சிலர் கேட்கறாங்க. ஒண்ணு இல்லை. நிலாவைக் காட்டறவங்க அடுத்த நொடி பிள்ளை முகத்தைப் பார்ப்பாங்க, பிள்ளையும் திரும்பி அவங்க வாயைப் பார்க்கும். போன்ல ஊட்டறப்போ பிள்ளை திரையைப் பார்க்குது, ஊட்டறவங்க கிண்ணத்துல எவ்வளவு மிச்சம்னு பார்க்கறாங்க. வாய்ல என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருக்கறது இதனாலதான்.

ஊட்டறதுக்கு அத்தைக்கு ஒரே விதி போதும்: உருண்டையைப் பிள்ளை வாய்க்கு ஒரு சாண் முன்னாடி நிறுத்தணும். அவன் வாயைத் திறந்து முன்னாடி வந்தா கொடுக்கலாம். தலையைத் திருப்பினா, உதட்டை மூடினா, கையைத் தட்டினா, துப்பினா ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை காட்டலாம். ரெண்டாவது தடவையும் வேண்டாம்னா வயிறு நிறைஞ்சாச்சு. தாடையைப் பிடிச்சுத் திறக்கறது, சிரிக்கறப்போ சட்டுனு திணிக்கறது, மூக்கைப் பிடிக்கறது, இதெல்லாம் கூடவே கூடாது. புரையேறும். அதுக்கு மேல, கரண்டியைப் பார்த்தாலே ஓடற பழக்கம் வந்துடும்.

மிக்ஸியை இன்னைக்கே நிறுத்துங்க. 20 மாசப் பிள்ளை வீட்டுச் சாப்பாட்டையே மெல்லணும். ஆனா இதுவரைக்கும் அரைச்சே சாப்பிட்டவனுக்கு நாளைக்கே முழுச் சோறு வெச்சா ஓங்கரிப்பான். மிக்ஸியில இருந்து மத்துக்கு, மத்துல இருந்து கை மசியலுக்கு, அதுல இருந்து குழைஞ்ச சோத்துக்கு. ஒரு படிக்கு நாலஞ்சு நாள். கூடவே கையில பிடிக்கற மாதிரி ஏதாவது தட்டுல இருக்கட்டும்: நீளவாக்குல மூணா நறுக்கின இட்லி, தோசைத் துண்டு, வேகவெச்ச கேரட், சர்க்கரைவள்ளி, முட்டை ஆம்லெட் பட்டையா வெட்டினது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு அழுத்தினா நசுங்கணும், அதுதான் பதம். அத்தை வலது கையால ஊட்டட்டும், அவன் கையில ஒரு இட்லித் துண்டு இருக்கட்டும். வீட்டுக்காரர் கட்சியும் அத்தை கட்சியும் ஒரே தட்டுல முடிஞ்சது.

கொடுக்கக் கூடாதது: முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முந்திரி, முறுக்கு, பச்சைக் கேரட், தேங்காய்ப் பத்தை, முழு திராட்சை. திராட்சைன்னா நீளவாக்குல நாலா வெட்டி விதை எடுத்துக் கொடுக்கலாம். கடலையைப் பொடிச்சு சாதத்துல போடலாம்.

ஓங்கரிக்கறதையும் அடைச்சுக்கறதையும் வீட்டுல எல்லாரும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கணும். ஓங்கரிச்சா சத்தம் வரும், முகம் சிவக்கும், இருமுவான். அப்போ கையை வாய்க்குள்ள விடாம பக்கத்துல இருங்க, அவனே வெளிய தள்ளிடுவான். அடைச்சா சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். உடனே தலை தாழ இருக்கற மாதிரி மடியில கவிழ்த்து, தோள்பட்டை எலும்புக்கு நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகத்தால அஞ்சு தடவை பலமா தட்டணும். வரலைன்னா பின்னாடி நின்னு, தொப்புளுக்குக் கொஞ்சம் மேல கையை வெச்சு உள்ளேயும் மேலேயுமா அஞ்சு தடவை அழுத்தணும். ரெண்டையும் மாத்தி மாத்திச் செய்யணும், அதுக்குள்ள இன்னொருத்தர் 108க்குக் கூப்பிடணும். வயித்துல அழுத்தறது ஒரு வயசுக்கு மேலதான். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினா இன்னும் உள்ள போகும்.

தாழ்வாரம்:

ஒரு சின்ன மறுப்பு. சாப்பாட்டு நேரத்துல போன் இல்லைங்கறது சரி. ஆனா வீட்டுல அத்தை ஒருத்தங்க மட்டும். அவங்க சமைக்கணும், குளிக்கணும். அப்போ அரை மணி நேரம் டிவி ஓடினா குடி முழுகிடாது. ரெண்டு வயசுக்குள்ள திரையே வேண்டாம், அதுக்கப்புறம் அஞ்சு வயசு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 2021ல சொல்லியிருக்கு. சரிதான், ஆனா வீட்டுல எத்தனை கை இருக்குன்னும் பார்க்கணும். எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தச் சொன்னா அத்தை எதையுமே நிறுத்த மாட்டாங்க. போனையும் சாப்பாட்டையும் மட்டும் பிரிங்க. வெளியூர்ல இருக்கற தாத்தாகிட்ட வீடியோ காலில் பேசறது இந்தக் கணக்குல வராது.

அப்புறம், அத்தைகிட்ட "போன் கெடுதல்"னு சொன்னா சண்டைதான் வரும். "அத்தை, இனிமே என்ன சமைக்கறது, எத்தனை மணிக்குக் கொடுக்கறதுங்கறது உங்க பொறுப்பு. எவ்வளவு சாப்பிடறான்ங்கறது அவன் பொறுப்பு"ன்னு சொல்லிப் பாருங்க. சாயங்காலம் வந்ததும் "எவ்வளவு சாப்பிட்டான்?"னு கேட்கறதை நீங்க நிறுத்தணும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவங்க போனை எடுக்கறாங்க.

மின்மினி:

அந்தக் கடைசி வரி சுருக்குன்னு பட்டுச்சு. தினமும் கேட்கறேன்.

ரெண்டு சந்தேகம். சாப்பிடாம விட்டா எத்தனை வேளை வரைக்கும் பார்க்கலாம்? கிராம செவிலியர் கொடுத்த இரும்புச் சத்து சிரப் பாட்டில் பிரிக்காம அலமாரியில இருக்கு, கொடுக்கலாமா?

அன்னக்கரண்டி:

வேளையை எண்ணாதீங்க, ஒரு வாரத்தை மொத்தமாப் பாருங்க. இந்த வயசுல திங்கள்கிழமை காத்து குடிச்சு வாழ்வாங்க, புதன்கிழமை மூணு இட்லி சாப்பிடுவாங்க. ஓடியாடி விளையாடறான், வழக்கம்போல சிறுநீர் போறான்னா ரெண்டு மூணு வேளை தட்டைத் தொடாம விட்டாலும் பயம் இல்லை. எடையை மாசத்துக்கு ஒரு தடவை, அதே அங்கன்வாடித் தராசுல, காலையில, மெல்லிய உடுப்போட பாருங்க. தினம் எடை போட்டா சிறுநீரும் சாப்பாடும்தான் ஏறி இறங்கும்.

விட்டுப் பார்க்கக் கூடாத நேரமும் உண்டு. எட்டு மணி நேரமா சிறுநீர் இல்லை, சோர்ந்து படுத்தே இருக்கான், ஒவ்வொரு வேளையும் தண்ணி குடிச்சாலே இருமறான், எடை ரெண்டு மாசமா ஏறலை அல்லது அட்டையில கோடு மஞ்சள் பட்டைக்கு இறங்குது, இதுல எது இருந்தாலும் குழந்தை மருத்துவர். அதே மாதிரி நாலஞ்சு பதார்த்தம் தவிர எதையும் தொடவே மாட்டான், பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதில்லை, வேணுங்கறதை விரலால சுட்டிக் காட்டறதில்லைன்னா, அது சாப்பாட்டுப் பழக்கம் மட்டும் இல்லை. வளர்ச்சி மதிப்பீடு வேணும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல இருக்கற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள்ல இலவசமாப் பார்ப்பாங்க.

சிரப் விஷயம்: 6 மாசத்துல இருந்து 5 வயசு வரை வாரத்துக்கு ரெண்டு நாள், 1 மி.லி. வீதம். அதுல 20 மி.கி. இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கும். உங்க லேபிள்ல அதே அளவுதானான்னு பார்த்துக்குங்க. கடையில வாங்கற சிரப்புகளோட செறிவு வேற, அதுக்கு இந்த 1 மி.லி. பொருந்தாது. இது பொதுவான தடுப்பு அளவு. ஹீமோகுளோபின் குறைவுன்னா அளவு மாறும், அதை மருத்துவர்தான் சொல்லணும். பிரிக்கறதுக்கு முன்னாடி காலாவதித் தேதி பாருங்க.

சாப்பிட்டு அரை மணி கழிச்சுக் கொடுங்க. பாலுக்கும் இதுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி. கொடுத்த அப்புறம் ஒரு கமலா சுளையோ நாலு சொட்டு எலுமிச்சை பிழிஞ்ச தண்ணியோ குடுத்தா இரும்பு நல்லா சேரும். சொட்டுக் குழாயைக் கன்னத்து ஓரமா, பின்பக்கமா வெச்சுப் பிழியுங்க, பல்லுல கறை படியாது. மலம் கருப்பாப் போகும், அத்தைகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. காய்ச்சல் இருந்தா அன்னைக்கு வேண்டாம். பாட்டிலைத் திரும்ப மேல் அலமாரியிலயே வைங்க. இனிப்பா இருக்கும், பிள்ளை எடுத்து மொத்தமா குடிச்சா இரும்பு விஷமாகும்.